மாற்றுறுப்பு பெற்றவர்களின் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று: கேள்வி பதில்

கேள்வி: சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட என் தந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை. மார்பு எக்ஸ்ரே இயல்பாக இருந்தும் சி.டி. எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா, டாக்டர்?

பதில்: அவசியம்தான். தொடக்கநிலையில் உருவாகும் சிறு முடிச்சுகள் விலா எலும்பு, இதயம் ஆகியவற்றின் நிழலில் மறைந்து எக்ஸ்ரேயில் புலப்படாமல் போவதுண்டு; மெல்லிய துண்டுகளாக எடுக்கும் சி.டி.யில் அவை தெரிந்துவிடும். பெரும்பாலும் இதற்குச் சாய ஊசி தேவைப்படாது என்பதால், மாற்றுச் சிறுநீரகத்தைப் பற்றிய கவலை வேண்டாம்.

கேள்வி: அறிக்கையில் 'ஹாலோ' என்று எழுதியிருக்கிறார்கள். அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை என்று உறுதியாகிவிட்டதா?

பதில்: இல்லை. பூஞ்சை இரத்தக்குழாய்க்குள் ஊடுருவி அடைக்கும்போது அப்பகுதித் திசு மடிகிறது. சுற்றிலும் கசியும் இரத்தமே படத்தில் முடிச்சைச் சூழ்ந்த மங்கலான வளையமாக, அதாவது ஹாலோவாகத் தெரிகிறது. வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் எலும்புமஜ்ஜை மாற்று நோயாளிகளிடம் இந்த அடையாளத்துக்கு மதிப்பு அதிகம். சிறுநீரகம், கல்லீரல் பெற்றவர்களிடம் இது அவ்வளவாகக் காணப்படுவதில்லை. மூச்சுக்குழாய்களை ஒட்டிய திட்டுகளும் சிறு முடிச்சுகளுமே அவர்களிடம் தென்படலாம். மியூகோர் வகைப் பூஞ்சையும், வேறு தொற்றுகளும், சில புற்றுக்கட்டிகளும்கூட ஹாலோவை உண்டாக்கும். நடுவில் மங்கலும் சுற்றிலும் அடர்ந்த வளையமுமாகத் தலைகீழாக இருந்தால், குறிப்பாகப் பத்துக்கு மேற்பட்ட முடிச்சுகளோ நுரையீரலைச் சுற்றி நீரோ சேர்ந்திருந்தால், மியூகோரைச் சந்தேகிக்க வேண்டும். என்னைக் கேட்டால், பூஞ்சையின் பெயரைச் சொல்வதைவிட, மாதிரியை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று காட்டுவதே சி.டி.யின் பெரும்பயன்.

கேள்வி: இரத்தத்தில் கேலக்டோமன்னன் (அஸ்பெர்ஜில்லஸ் வெளியிடும் சர்க்கரைப் பொருள்) பரிசோதனை நெகட்டிவ். பூஞ்சை இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. சிறுநீரகம், இதயம் போன்ற உறுப்பு பெற்றவர்களிடம் இரத்தப் பரிசோதனை பல நேரங்களில் தொற்றைத் தவறவிடுகிறது. முன்னரே பூஞ்சை எதிர்ப்பு மருந்து தொடங்கியிருந்தால் இன்னும் தவறவிடும். சி.டி. காட்டிய பகுதியை பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்ப்பது) வழியாகக் கழுவி எடுக்கும் நீரில் அதே பரிசோதனையைச் செய்தால் பலன் கூடுதல். மியூகோரோ கேலக்டோமன்னனை வெளியிடுவதே இல்லை. ஆகவே நுண்ணோக்கியும் வேண்டும்: அஸ்பெர்ஜில்லஸ் இழைகள் ஒல்லியாக, குறுக்குச் சுவர்களுடன், சுமார் 45 பாகையில் கிளைக்கும், மியூகோர் இழைகள் நாடாபோல் அகன்று, சுவர்கள் அரிதாகி, ஏறத்தாழ செங்கோணத்தில் பிரியும். அஸ்பெர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகொனசோல் மருந்து மியூகோருக்குப் பயன்படாது, ஆம்ஃபோடெரிசின் மருந்து வேண்டும் என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது.

கேள்வி: நுரையீரல் மாற்று செய்தவருக்கு சி.டி. தெளிவாக இருந்தும் பிராங்கோஸ்கோபி ஏன்?

பதில்: மூச்சுக்குழாயை இணைத்துத் தைத்த இடத்தில் பூஞ்சை படர்ந்தால் அது சி.டி.யில் தெரியாமல் போகலாம். நேரில் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: ஒரு வாரம் மருந்து கொடுத்த பிறகும் முடிச்சுகள் பெரிதாகியுள்ளன. மருந்து தோற்றுவிட்டதா?

பதில்: அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். மருந்து சரியாக வேலை செய்யும்போதும் முதல் வாரத்தில் முடிச்சுகள் பெரிதாவது வழக்கம். காய்ச்சலும் ஆக்சிஜன் தேவையும் குறைந்துவந்தால், நிலைமை மோசமடையாதவரை மறு சி.டி.க்கு இரண்டு வாரங்களாவது பொறுக்கலாம். அதற்குள் கவனிக்க வேண்டியது வேறொன்று: வோரிகொனசோல், மாற்றுறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் வெகுவாக ஏற்றிவிடும் என்பதால், டாக்ரோலிமஸை வழக்கமாக மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, இரத்த அளவை அடிக்கடி பார்த்துக்கொள்கிறார்கள்.