கேள்வி – பதில்: நின்றுபோன பெர்பெச்சுவல் காலண்டர்

பாரிஸிலிருந்து வந்த மாமா, ஓடுமார் பிகே என்ற சுவிஸ் நிறுவனத்தின் ராயல் ஓக் பெர்பெச்சுவல் காலண்டர் (மாடல் எண் 26574) வாட்ச்சைக் கொடுத்துவிட்டுப் போனார். மாதத்துக்கு எத்தனை நாள், எது லீப் ஆண்டு என்று தானே கணக்கிட்டுத் தேதி காட்டும் வகை அது. கட்டாமல் வைத்ததில் நின்றுவிட்டது. தேதி, கிழமை, மாதம் எல்லாம் தப்பு. ஓரத்துப் பொத்தான்களைக் குண்டூசியால் அழுத்திச் சரிசெய்யலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை

குண்டூசி வேண்டவே வேண்டாம். வழுக்கினால் கேஸில் (வாட்ச்சின் வெளிக்கூட்டில்) கீறல் விழும். பெட்டியோடு வந்த மழுங்கிய முனைக் குச்சிதான் அதற்குரியது.

இந்த வாட்ச் சாவி தாங்குவது சுமார் 40 மணி நேரம். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் ஞாயிறு மதியம் நின்றுவிடும். அது கோளாறு அல்ல.

முதலில் கிரவுனால் (பக்கவாட்டில் உள்ள சாவித் திருகால்) 25, 30 சுற்று சாவி கொடுங்கள். பிறகு முள்களை முன்னோக்கி மெதுவாகத் திருப்புங்கள். தேதி மாறும் இடம்தான் நள்ளிரவு. அதைத் தாண்டிக் காலை 6 மணிக்குக் கொண்டுவந்து நிறுத்திய பிறகே பொத்தான்களைத் தொடலாம். இதைத் தவிர்ப்பவர்கள்தான் வாட்ச்சைக் கெடுக்கிறார்கள். இரவு 8 மணி வாக்கில் உள்ளே ஒரு நெம்புகோல் நகரத் தொடங்கி, தேதிச் சக்கரத்தின் பல்லைப் பிடிக்கும். அந்த நேரத்தில் அழுத்தினால் பல்லோ நெம்புகோல் மூக்கோ உடையும். பழுதுபார்க்க சுவிட்சர்லாந்து வரை அனுப்ப வேண்டிவரலாம்.

தேதியை முதலில் வையுங்கள். தேதியோடு கிழமையும் சேர்ந்து நகரும் பொத்தான் உண்டு, மாதக் கடைசியைத் தாண்டினால் மாதமும் மாறும். எது எதை நகர்த்தும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து கிழமை, மாதமும் லீப் ஆண்டும், வார எண் (ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது). ஒவ்வொரு அழுத்தமும் முழுதாக இருக்கட்டும். பாதியில் விட்டால் முள் இரண்டு எண்ணுக்கு நடுவில் நிற்கும். முகப்பில் பிறை காட்டும் நிலாவுக்கு, வட்டம் நிறைவாகத் தெரியும் வரை அதன் பொத்தானை அழுத்திவிட்டு, தினசரி காலண்டரில் கடைசிப் பௌர்ணமியைப் பார்த்து, கழிந்த நாளுக்கு ஒன்றாக அழுத்துங்கள். கடைசியில் முள்களை இப்போதைய நேரத்துக்கு வையுங்கள். மதியம் கடந்திருந்தால் 12-ஐ ஒருமுறை தாண்டித் திருப்ப வேண்டும்.

பொத்தான்கள் பின்னால் போகாது. ஒரு மாதம் தாண்டிவிட்டால் 47 முறை அழுத்த வேண்டும், ஏனென்றால் ஒரு சுற்று 48 மாதம். ஓரிரு நாள்தான் தாண்டியது என்றால் வாட்ச்சை நிற்கவிட்டு, அந்தத் தேதி வந்ததும் ஓடவிடுங்கள். இதுவே பாதுகாப்பான வழி.

இதே மாடலைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கலாமா? ஸ்போர்ட்ஸ் வாட்ச்தானே?
– வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

கூடாது. இதன் நீர்த் தாங்குதிறன் 20 மீட்டர். அது ஆய்வுக்கூட அழுத்தக் கணக்கு. கைகழுவும் தெறிப்பைத் தாங்கும், அலையைத் தாங்காது. ஒவ்வொரு பொத்தானும் கேஸில் ஒரு துளை என்பதை மறக்காதீர்கள். கடற்காற்றின் உப்பு பிரேஸ்லெட் இணைப்புகளில் படியும். ஈரம் பிழிந்த மென்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றுங்கள். நீர் புகாமல் தடுக்கும் வாஷரை ஆண்டுக்கொரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். முகப்பில் தெரியும் 8 அறுகோணத் திருகுகளை எந்தக் கடையிலும் திருப்ப விடாதீர்கள். அவை குழிக்குள் பொருந்தியவை, சுழலாது. முறுக்குவது பின்பக்கத்திலிருந்து.

பெர்பெச்சுவல் என்றால் என்றைக்கும் கைவைக்க வேண்டாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை

ஓடிக்கொண்டே இருந்தால் 2100 பிப்ரவரி வரை வேண்டாம். நூறால் வகுபட்டு 400-ஆல் வகுபடாத ஆண்டு லீப் அல்ல. 48 மாதச் சக்கரத்துக்கு அது தெரியாது, பிப்ரவரி 28-க்கு மறுநாள் 29 காட்டும். அன்று காலை தேதியை ஒரு அழுத்து அழுத்தினால் மார்ச் 1.