வேட்டைத் துப்பாக்கியுடன் விமானப் பயணம்: எந்தப் பெட்டி வாங்குவது?

கேள்வி: பல ஆண்டுகளாக ஹூஸ்டனில் வசிக்கிறேன். இதுவரை டெக்சாஸுக்குள் காரிலேயே வேட்டைக்குப் போய்வந்ததால், துப்பாக்கிக்கு ஒரு துணி உறையே போதுமானதாக இருந்தது. வரும் அக்டோபரில் நண்பர்களுடன் எல்க் மான் வேட்டைக்காகக் கொலராடோவுக்கு விமானத்தில் செல்லவிருக்கிறேன். என்னுடையது 24 அங்குலக் குழலும் ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) கொண்ட .30-06 போல்ட் ரைஃபிள். கடையில் 80 டாலரிலும் பெட்டி இருக்கிறது, 400 டாலரிலும் இருக்கிறது. எதை வாங்கலாம்?
— வாசகர், ஹூஸ்டன்

பதில்: விலையைப் பார்ப்பதற்கு முன் விதியைப் பார்த்துவிடுவோம். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளையும் அவர்களுடைய பைகளையும் சோதிக்கும் டி.எஸ்.ஏ. அமைப்பு கேட்பது இவ்வளவுதான்: துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது; அது கடினமான சுவர்களைக் கொண்ட பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டிருக்க வேண்டும்; பூட்டிய பெட்டிக்குள் யாரும் கையை விட முடியக் கூடாது; விமான நிறுவனத்தின் கவுண்டரில் அறிவித்துவிட்டு, சரக்கறைக்குப் போகும் பையாகவே அதை ஒப்படைக்க வேண்டும். விதியில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. துப்பாக்கி வாங்கும்போது அதனுடன் கிடைத்த பெட்டி இதற்குப் போதாமல் போகலாம் என்று டி.எஸ்.ஏ.வே எச்சரிக்கிறது, உங்கள் துணி உறை செல்லவே செல்லாது.

மலிவான பெட்டிகள் தோற்பது பெரும்பாலும் மூன்றாவது நிபந்தனையில்தான். கைப்பிடியை ஒட்டி இரண்டு பூட்டுகளுக்கு மட்டும் துளை விட்ட மெல்லிய பிளாஸ்டிக் பெட்டி நடுவில் இறுக்கமாக மூடிக்கொண்டாலும், நான்கடி நீளமுள்ள அதன் இரு முனைகளும் தளர்ந்தே இருக்கும். இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். பெட்டியைத் தரையில் வைத்து, தாழ்ப்பாள்களை எல்லாம் போட்டு, எல்லாத் துளைகளிலும் பூட்டை மாட்டிவிட்டு, ஒரு மூலையில் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே விரல்களைக் கொடுத்து இரு கைகளாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். மூடி வளைந்து, உள்ளே இருக்கும் ஃபோமை விரல் தொடுமானால் அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்; சோதனை அதிகாரியும் இதையேதான் செய்து பார்ப்பார், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விடிகாலை விமானத்துக்கு முன் வேறு பெட்டி தேடி ஓட நேரம் இருக்காது. பூட்டுத் துளைகள் முனைகளுக்கு அருகில் அமைந்திருக்கின்றனவா, துளைகளைச் சுற்றி எஃகுத் தகடு பதித்திருக்கிறார்களா, பின்புறக் கீலின் ஊசியை வெளியிலிருந்து தட்டி எடுத்துவிட முடியுமா என்பவற்றையும் பாருங்கள். பெலிக்கன், எஸ்.கே.பி. போன்ற நிறுவனங்களின் கனத்த பெட்டிகளுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு இந்த விறைப்புக்குத்தான் போகிறது. அதை நான் வீண் செலவாகக் கருதவில்லை. பார்வைக்குப் பளபளக்கும் மலிவான அலுமினியப் பெட்டிகளை மட்டும், அவற்றின் மூலைகளில் இருக்கும் சிறு ஆணிகளை நம்பி, வாங்கிவிடாதீர்கள்.

அடுத்தது அளவும் எடையும். 24 அங்குலக் குழல் கொண்ட போல்ட் ரைஃபிள் முழு நீளத்தில் 44 அங்குலத்தை ஒட்டி இருக்கும் என்பதால், இரு முனைகளிலும் ஃபோமுக்கு இடம் விட்டு, உட்புற நீளம் 48 அங்குலமாவது உள்ள பெட்டியைத் தேடுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பல நேரங்களில் வெளிப்புற நீளமாக இருக்கும். சக்கரம் வைத்த இத்தகைய பெட்டி காலியாகவே 20 பவுண்டைத் தாண்டிவிடுவது சாதாரணம். ஸ்கோப்புடன் உங்கள் ரைஃபிள் எட்டு, ஒன்பது பவுண்டு இருக்கும். ஒன்றோ இரண்டோ துப்பாக்கிகளை மட்டும் வைத்தால் எடை பிரச்சினையாகாது. ஆனால் காலியாக இருக்கும் மூலைகளில் பூட்ஸையும் கம்பளி உடைகளையும் திணித்தால், பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு பைக்கு வைத்திருக்கும் 50 பவுண்டு வரம்பைத் தாண்டி, பெட்டி வாங்கியதில் மிச்சம் பிடித்த பணத்தைக் கவுண்டரில் கட்டிவிட்டு வருவீர்கள். சக்கரத்தை மட்டும் எடை கருதித் தவிர்க்க வேண்டாம். வாகன நிறுத்தத்திலிருந்து கவுண்டர் வரை அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்குக் காரணம் விளங்கும்.

உள்ளே இருக்கும் ஃபோம் இரண்டு வகை. தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் மென்மையான வகை மலிவு. நீர் இறங்காத, சற்று விறைப்பான வகையைத் துப்பாக்கியின் உருவத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும், விலையும் கூடுதல். மலையில் பனியில் நனைந்த ரைஃபிளைத் துடைக்காமல் முதல் வகைக்குள் வைத்து மூடினால், காற்றுப் புகாத ரப்பர் விளிம்பு அந்த ஈரத்தை வெளியே விடாது. வீடு வந்து திறக்கும்போது குழலில் துரு இருக்கும். துடைத்து, எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு மூடுங்கள். எந்த ஃபோமானாலும் பாரம் ஸ்கோப்பின் மீது விழாமல், மரப்பிடியும் குழலும் அதைத் தாங்கும்படி வையுங்கள். போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் பாகத்தை, கழற்றித் தனிக் குழியில் வைத்தால் துப்பாக்கி காலி என்பது கவுண்டரில் இருப்பவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கழற்றிய போல்ட்டையும் தோட்டாக்களை அடுக்கும் மேகசினையும் கைப்பையில் போட்டுவிடாதீர்கள், அங்கே அவற்றுக்கு அனுமதி இல்லை. ஸ்கோப்பைக் கைப்பையில் கொண்டுபோக அனுமதி உண்டு என்றாலும், கழற்றினால் குறியை மறுபடி முதலிலிருந்து அமைக்க வேண்டும் என்பதால் நான் கழற்றச் சொல்ல மாட்டேன். எவ்வளவு நல்ல பெட்டியானாலும், முகாமுக்குப் போனதும் 100 கஜத்தில் இரண்டு மூன்று தோட்டாக்களைச் சுட்டுக் குறியைச் சரிபார்க்காமல் மானைத் தேடிப் போகக் கூடாது.

காற்றுப் புகாத பெட்டியை வாங்கினால், அழுத்தத்தைச் சமன் செய்யும் வால்வு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டென்வர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூடிய பெட்டியை ஹூஸ்டனில் திறக்கப் போனால், வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளோடு மல்லுக்கு நிற்க வைக்கும். தானாக இயங்கும் வால்வே நல்லது.

தோட்டாக்கள், அவற்றுக்கென்றே செய்த அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். அந்தச் சிறு பெட்டியைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே வைக்க டி.எஸ்.ஏ. இடம் தருகிறது, விமான நிறுவனங்களின் விதி மாறுபடலாம் என்பதால் டிக்கெட் வாங்கிய நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுங்கள். பொதுவான வரம்பு 11 பவுண்டு (ஏறத்தாழ 5 கிலோ). .30-06 தோட்டா 20 கொண்ட பெட்டி அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும், ஆகவே கவலை வேண்டாம்.

உங்கள் நண்பர்களில் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் உண்டானால், ஒரு சொல்: அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, அமெரிக்காவில் முறையாகப் பெற்ற வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. அவர்கள் அந்த உரிமத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாமல் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: துப்பாக்கிப் பெட்டிக்கு டி.எஸ்.ஏ. முத்திரை பதித்த பூட்டைத்தான் போட வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். சாதாரணப் பூட்டைப் போட்டால் உடைத்துவிடுவார்களா?
— வாசகி, டல்லாஸ்

பதில்: கடைக்காரர் சொல்வது துணிமணி வைக்கும் பெட்டிகளுக்குப் பொருந்தும். துப்பாக்கிப் பெட்டிக்கு எந்தப் பூட்டையும் போடலாம் என்பதே டி.எஸ்.ஏ.யின் நிலைப்பாடு, அதன் சாவியோ எண்ணோ பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதி. முத்திரைப் பூட்டுகளைத் திறக்க டி.எஸ்.ஏ. அதிகாரிகள் வைத்திருக்கும் பொதுச் சாவிகளின் படம் 2014இல் ஒரு நாளிதழில் வெளியாகி, அடுத்த ஆண்டே அவற்றை முப்பரிமாண அச்சில் வார்ப்பதற்கான மாதிரிகள் இணையத்தில் பரவிவிட்டன. துப்பாக்கி இருக்கும் பெட்டிக்கு அப்படிப்பட்ட பூட்டை நான் போட மாட்டேன்.

துளையின் அளவுக்குப் பொருந்தும் தடிமனான வளையமுள்ள பூட்டுகளை, ஒரே சாவியால் திறக்கும் தொகுப்பாக வாங்கி, ஒரு துளையையும் விடாமல் போடுங்கள். வளையம் மெலிந்திருந்தால் மூடி ஆடும். கவுண்டரில் அறிவித்த பிறகு, சோதனை முடிந்துவிட்டது என்று சொல்லும் வரை அங்கேயே காத்திருங்கள். பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் சாவிக்காக உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் அதற்குள் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே போய்விட்டால் பூட்டு உடைபடவோ, பெட்டி அந்த விமானத்தில் ஏறாமல் தங்கிவிடவோ வாய்ப்புண்டு. சாவி சட்டைப் பையில் இருக்கட்டும், மாற்றுச் சாவி உடன் வருபவரிடம் இருக்கட்டும். சரக்கறைக்குப் போகும் துணிப் பெட்டியில் மட்டும் வேண்டாம்.