1932 ஃபோர்டில் 9 அங்குலப் பின் ஆக்ஸில்: கேள்வி பதில்

1932 ஃபோர்டை ஹாட் ராடாக்குபவர்கள், அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றியமைப்பவர்கள், அனுப்பிய கேள்விகள் இவை. வண்டியோடு வந்தது பான்ஜோ ஆக்ஸில், அதாவது நடுவில் உருண்டையாகப் பருத்த பழைய பின் ஆக்ஸில். அதை இறக்கிவிட்டுப் பலரும் தேடுவது 1957 முதல் 1986 வரை ஃபோர்டு கார்களிலும் டிரக்குகளிலும் வந்த 9 அங்குல ஆக்ஸிலை. 9 அங்குலம் என்பது ஆக்ஸிலின் நடுவிலுள்ள பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம்.

கேள்வி: பழைய ஆக்ஸிலைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் போதாதா? வேறு என்ன வேலை இருக்கிறது?

ஆக்ஸிலை மாட்டுவது சின்ன வேலை. டார்க் டியூப் போய்விடுகிறதே, அதுதான் பெரிய வேலை. 1932 வண்டியில் கியர்பாக்ஸின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு இரும்புக் குழாய்க்குள் சுற்றும், அதுதான் டார்க் டியூப். அந்தக் குழாய் வெறும் மூடி அல்ல. சக்கரம் தரையைத் தள்ளும் விசை அதன் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்கும் வண்டிக்கும் போகிறது. வேகம் எடுக்கும்போது ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங் சுழன்றுவிடாமல் பிடிப்பதும் அதுவே. ஆக்ஸிலின் இரு முனையிலிருந்து வரும் பக்கவாட்டு ராடுகள் இரண்டும் அதில்தான் வந்து சேர்கின்றன. 9 அங்குலத்தில் ஷாஃப்ட் திறந்தபடி ஓடும், குழாய் கிடையாது. ஆகவே தள்ளுவிசை, சுழற்சி, பக்க அசைவு மூன்றையும் பிடிக்கத் தனித்தனி ஏற்பாடு வேண்டும். பழைய கியர்பாக்ஸின் பின்புறம் டார்க் டியூபின் உருண்டைக்காகச் செய்தது. அதில் திறந்த ஷாஃப்ட் நேராக மாட்டாது. அடாப்டர் போடுங்கள், இல்லாவிட்டால் டி-5 போன்ற ஐந்து கியர் பெட்டிக்கு மாறுங்கள்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடக்கிறது. 9 அங்குலமா 8 அங்குலமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலைச் சுற்றியுள்ள நட்டுகளில் பாக்ஸ் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். எல்லா நட்டிலும் உட்கார்ந்தால் 8 அங்குலம். அடியில் இருக்கும் இரண்டு நட்டில் மட்டும் பாக்ஸ் நுழையாமல் ரிங் ஸ்பேனர்தான் போகிறது என்றால் 9 அங்குலம். ஹவுசிங்கின் அடியில் ஆயில் வடிக்கும் பிளக் இருந்தால் அது பெரும்பாலும் 1957 மாடல். 1957-59 கார் ஹவுசிங் இந்த வேலைக்கு விரும்பப்படுவது அகலத்துக்காக: டிரம்முக்கு டிரம் (ஒரு பிரேக் டிரம்மின் வெளிமுகத்திலிருந்து மற்றதன் வெளிமுகம் வரை) சுமார் 57 1/4 அங்குலம், பெரும்பாலும் குறுக்க வேண்டியிருக்காது. வண்டி லேசானது, எஞ்சின் பழைய ஃபிளாட்ஹெட் (வால்வுகள் சிலிண்டர் பிளாக்கிலேயே இருக்கும் ரகம்) என்றால் 8 அங்குலமே தாராளம், எடையும் குறைவு. 1970களின் மேவரிக்கில் வந்த 8 அங்குலம் சுமார் 56 1/2.

கேள்வி: எனக்கு எவ்வளவு அகலம் வேண்டும்? ஒரே எண்ணாகச் சொல்லுங்களேன்.

சொல்ல முடியாது, டயரும் ரிம்மும் தெரிந்தால்தான் எண் வரும். கணக்கு எளிது. மட்கார்டுக்குள் டயர் நிற்க வேண்டிய இடத்தைக் குறித்து, ஒரு டயரின் வெளி விளிம்பிலிருந்து மறு டயரின் வெளி விளிம்பு வரை அளங்கள். 68 அங்குலம் வருகிறது என்போம். 7 அங்குல ரிம் என்றால் விளிம்பு சேர்த்து மொத்தம் சுமார் 8. அதில் பேக்ஸ்பேஸ் (ரிம்மின் உள் விளிம்பிலிருந்து டிரம்மில் உட்காரும் முகம் வரை) 4 என்றால் வெளிப்பக்கம் மீதி 4. டயர் 9 அங்குலம் பருத்தால் ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம் கூடும், ஆக 4 1/2. இரு பக்கமும் 9. 68-இல் 9 போனால் 59. இது டிரம்முக்கு டிரம் அளவு. ஆக்ஸில் ஷாஃப்ட் நுனியிலுள்ள தட்டான பிளான்ஜில் அளந்து டிரம் தடிமனை மறப்பதுதான் வழக்கமான தப்பு. டயரின் உட்பக்கத்துக்கும் சேசிஸுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

கேள்வி: பழைய பக்கவாட்டு ராடுகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் சேசிஸின் அந்தந்தப் பக்கத்தில் பூட்டலாமா? முன் ஆக்ஸிலில் எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

முன்னால் செல்லும், பின்னால் செல்லாது. முன்னால் இருப்பது ஐ-பீம். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அது கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும். பின்னால் இருப்பது குழாய் வடிவ ஹவுசிங், முறுக்காது. இரு ராடும் அகலமாகப் பிரிந்து நின்று ஹவுசிங்கை விறைப்பாகப் பிடித்தால், வளைவில் வண்டி சாயும்போது அந்த முறுக்கு முழுதும் பிராக்கெட்டின் வெல்டிங்கில் விழும். முதலில் மயிரிழை விரிசல், பிறகு பிராக்கெட்டே கையோடு வரும். ஏணி போல ஹவுசிங்கில் விறைப்பாகப் பூட்டும் லேடர் பாரிலும் இதே சிக்கல் ஓரளவு உண்டு. நேர்கோட்டுப் பந்தயத்துக்குச் சரி, சாலைக்கு நான்கு இணை ராடு நல்லது. அதற்கு, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பியான பான்ஹார்டு ராடு கட்டாயம். எவ்வளவு நீளமாக வைக்க முடியுமோ அவ்வளவு நீளம், வண்டி நிற்கும் உயரத்தில் படுக்கை மட்டமாக. குட்டையாக வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் பக்கவாட்டில் நகரும்.

கேள்வி: குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொள்ள ஆசை. பழைய தோற்றம் போகக்கூடாது.

வைக்கலாம். ஹவுசிங்கில் ஸ்பிரிங் தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும். தாங்கிகளின் இடைவெளியை ஸ்பிரிங் சும்மா கிடக்கும்போது அளந்தால் கெட்டது. வண்டியின் எடை ஏறியதும் பட்டை நீளும். அந்த நிலையில் ஷாக்கிள் (ஸ்பிரிங் நுனியைத் தாங்கியோடு இணைக்கும் குட்டித் துண்டு) சுமார் 45 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும். நேராகத் தொங்கினால் பின்பக்கம் ஆடும். படுத்துவிட்டால் ஸ்பிரிங் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: பினியன் கோணம் எவ்வளவு வைப்பது? 60 மைலில் தரை நடுங்குகிறது.

கிரவுன் வீலைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனும் கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்டும் பக்கத்திலிருந்து பார்க்க ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் 3 டிகிரி பின்னால் இறங்கியிருந்தால் பினியன் மூக்கு 3 டிகிரி மேலே. ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள மடங்கும் இணைப்பான யூ-ஜாயின்ட் ஒவ்வொன்றும் வேலை செய்யும் கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள், இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்கு மிகாமல். பூஜ்யமும் ஆகாது, யூ-ஜாயின்டின் நடுவிலுள்ள கிராஸின் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குழி விழும்.

பான்ஜோவில் பினியன் கிரவுன் வீலின் மையத்தில் நிற்கும். 9 அங்குலத்தில் 2 1/4 அங்குலம் கீழே. ஆகவே ஷாஃப்ட் முன்பைவிடக் கீழே ஓடும், பழைய கணக்கு எதுவும் பொருந்தாது. பினியன் பக்கவாட்டில் ஓர் அங்குலம் விலகியிருந்தால் பயப்பட வேண்டாம், மேலிருந்து பார்க்கவும் இணையாக இருந்தால் போதும். எல்லாவற்றையும் சக்கரம் தரையில், முழு எடையோடு அளங்கள். ஜாக்கியில் தொங்கும்போது வைத்த கோணம்தான் பாதி நடுக்கத்துக்குக் காரணம். ஷாஃப்டின் முன் நுனியில் சறுக்கி நகரும் சிலிப் யோக்கை கியர்பாக்ஸுக்குள் முட்டும்வரை தள்ளி, முக்கால் அங்குலம் வெளியே இழுத்த நிலையில் ஷாஃப்ட் நீளத்தை எடுங்கள்.

கேள்வி: பிராக்கெட் பற்றவைத்த பிறகு ஆக்ஸில் ஷாஃப்ட் உள்ளே போக மறுக்கிறது.

ஹவுசிங் வளைந்துவிட்டது. ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் ஓட்டினால் குழாய் சூடான பக்கத்துக்கு இழுக்கும். பேரிங்கும் சீலும் கழற்றி, டிஃபரன்ஷியல் இருக்கும் இடத்தில் ஒரு காலிக் கூட்டைப் போல்ட் போட்டு இறுக்கி, ஓர் அங்குலம் ஓட்டி எதிர்ப்பக்கம் மாறி, ஆறவிட்டு ஓட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். இனி உங்களுக்கு வழி, நேர்க்கம்பியும் ஜிக்கும் உள்ள லேத் பட்டறைதான். சூட்டை எதிர்ப்பக்கம் கொடுத்து நிமிர்த்துவார்கள். சுத்தியலால் அடித்து ஷாஃப்டை ஏற்றிவிட்டால் சீல் ஒழுகும், பேரிங் சத்தம் போடும்.

கேள்வி: முன் சக்கரத்தில் போல்ட் வட்டம் 5 1/2 அங்குலம், பின்னால் 4 1/2. ஸ்டெப்னி ஒன்றுதான்.

பழைய ஃபோர்டு ஐந்து போல்ட், 5 1/2 வட்டம். கார் 9 அங்குலம் பெரும்பாலும் 4 1/2. பிளான்ஜ் போதிய விட்டம் இருந்தால் மறு துளை போடலாம், பலதில் இருக்காது. புதிய ஷாஃப்டே 5 1/2-இல் வாங்குவது சுத்தம். 1966-77 பிராங்கோவின் 9 அங்குலம் பிறப்பிலேயே 5 1/2, அகலமும் சுமார் 58 அங்குலம். விலைதான் சுடும்.

கேள்வி: புது சீல் போட்டும் பிரேக் டிரம்முக்குள் ஆயில் வருகிறது.

முதலில் மூச்சுத்துளையைப் பாருங்கள். ஹவுசிங்குக்கு பெயிண்ட் அடித்தவர் அதை அடைத்திருப்பார். உள்ளே சூடேறும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். துளை சரியென்றால் ஷாஃப்டில் சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். ஆயில் அளவு சுமார் 2.4 லிட்டர், ஜி.எல்-5 ரகம், பினியன் மையத்துக்குக் கீழே நிற்கும் ஹைப்பாய்டு பல்லுக்கு வேறு ஆகாது. இன்னொன்று: பேரிங்கை ஷாஃப்டில் பிரஸ் செய்வதற்கு முன் பேரிங்கை ஹவுசிங்கோடு பிடிக்கும் ரிட்டெய்னர் பிளேட்டை மாட்டியாயிற்றா என்று பார்க்க மறந்தால் புது பேரிங்கை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: என்ன ரேஷியோ வைப்பது, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று?

60 மைல் வேகம், 28 அங்குல டயர் என்றால் ரேஷியோவை 720-ஆல் பெருக்குங்கள், எஞ்சின் சுற்று வரும். 3.50-க்கு 2520, 4.11-க்கு 2959. ஐந்தாவது கியர் 0.72 உள்ள டி-5 இருந்தால் 4.11 வைத்தாலும் 2131-தான். அதே பெட்டியோடு 3.50 வைத்தால் 1814-க்கு இறங்கி ஃபிளாட்ஹெட் முக்கும். கையில் இருக்கும் ஆக்ஸிலின் ரேஷியோ தெரியவில்லையா? ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து, மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இரு சக்கரமும் தனித்தனியே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் என்றால் இரு சக்கரமும் சேர்த்து ஒரே சுற்று.

கேள்வி: நான் பான்ஜோவையே வைத்துக்கொள்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

ஃபிளாட்ஹெட், ஒல்லி டயர், கிளட்சைப் பட்டென்று விடாத கால் இருந்தால் அது நன்றாகவே ஓடும். ஹப் கூம்பு வடிவ ஷாஃப்டில் சாவி போட்டு உட்காரும். கழற்றும்போது ஹப்பைப் பிடிக்கும் புல்லர் வேண்டும். டிரம்மின் ஓரத்தில் மாட்டி இழுத்தால் டிரம் கோணலாகும். நட்டை 200 பவுண்டு-அடி அளவுக்கு இறுக்கி, காட்டர் பின் துளை பொருந்தாவிட்டால் தளர்த்தாமல் மேலும் இறுக்கிப் பொருத்துங்கள். 100 மைலுக்குள் ஒருமுறை திரும்ப இறுக்கிப் பாருங்கள். கூம்பு தளர்ந்தால் சாவி அறுபடும், ஷாஃப்ட் நுனி முறியும். அப்போது சக்கரம் டிரம்மோடு வண்டியை விட்டுப் போய்விடும்.