உதவித்தொகையில் வாழ்பவர் போடும் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசு உதவித்தொகைகளை ஆதரித்து எழுதியிருந்தீர்கள். என் உறவினர் ஒருவர் வேலை போனபிறகு சில வருடங்களாக அப்படி வரும் பணத்தில்தான் வாழ்கிறார். பகுதிநேர வேலை ஒன்று தேடி வந்தும் வேண்டாம் என்றுவிட்டார். சும்மா பணம் வந்தால் மனிதன் எழுந்திருக்கவே மாட்டான் என்பதுதானே இதற்கு அர்த்தம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அவர் என்ன கணக்குப் போட்டார் என்று கேட்டீர்களா? அந்த வேலையில் சேர்ந்தால் உதவித்தொகையில் எவ்வளவு பிடிப்பார்கள், போகவரச் செலவு எவ்வளவு, வீட்டில் குழந்தைகளையோ முதியவர்களையோ யார் பார்ப்பது, மூன்றே மாதத்தில் வேலை போய்விட்டால் மறுபடி விண்ணப்பம் போட்டு பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகும்? இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒருவர் மறுத்தால் அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோம்பேறிகளும் இருப்பார்கள், சரி, அவர்கள் எங்கேதான் இல்லை?

பிரிட்டனில் வேலையில்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அரசு மாதாமாதம் தரும் உதவியான யுனிவர்சல் கிரெடிட்டைப் பாருங்கள். சிலருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதிக்கு விலக்கு உண்டு, அதைத் தாண்டினால் கையில் வரும் சம்பளத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ், அதாவது 55 சதவீதம், உதவியில் குறையும். 2021 கடைசி வரை இது 63 பென்ஸ். இங்கிலாந்தில் பெரும் சம்பளக்காரருக்கான உச்ச வருமான வரி விகிதமே 45 சதவீதம்தான்! புதிதாக விண்ணப்பித்தால் முதல் தொகை வர ஏறக்குறைய ஐந்து வாரம். அதுவரை தாங்காது என்றால் முன்பணம் தருவார்கள், ஆனால் அது கடன், பின்னால் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். இதில் ஒருமுறை மாட்டியவர் நிலையில்லாத வேலைக்காக இருப்பதை விடுவாரா?

அடுத்தது சேமிப்பு. அமெரிக்காவில் வருமானம் குறைந்த முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எஸ்எஸ்ஐ என்ற உதவி உண்டு. குடியிருக்கும் வீடு, ஒரு வண்டி போன்ற சிலவற்றை விட்டுவிட்டு, தனி நபர் 2,000 டாலருக்கு மேல் வைத்திருந்தால் அது கிடையாது. 1989-இல் வைத்த வரம்பு, விலைவாசி எங்கேயோ போயும் மாறவில்லை. சேர்த்து வைத்தால் உதவி போய்விடும், சேர்க்காவிட்டால் ஒரு பல்வலியோ வண்டிப் பழுதோ வந்தாலே வட்டிக்கு வாங்க வேண்டும், அப்புறம் அடுத்த மாதத் தொகை வட்டிக்கே போகும். வறுமைக்குள் ஆட்கள் இப்படியும் விழுகிறார்கள், உதவித்தொகை வந்துகொண்டிருக்கும்போதே.

இன்னொன்று. ஏழைகள் என்று நிரந்தரமாக ஒரு கூட்டம் தனியே இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். 1899-இல் இங்கிலாந்தின் யார்க் நகரத் தொழிலாளர் குடும்பங்களை ஆராய்ந்த சீபோம் ரவுன்ட்ரீ வேறொன்றைக் கண்டார்: சிறுவயதில், தன் பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போது, உழைக்க முடியாத முதுமையில் என ஒரே தொழிலாளி மூன்று முறை வறுமைக்குள் போகிறார். நடுவில் கொஞ்சம் மேலே வருகிறார், அவ்வளவுதான்.

உங்கள் உறவினரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். வேலை நின்றுபோனால் பழைய தொகை மறுநாளே திரும்பக் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தால் அந்த வேலைக்குப் போவாரா? அவர் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.