இணைய இணைப்பை மாற்றுமுன் தெருக் கம்பத்தைப் பாருங்கள்

கேள்வி: திருச்சி உறையூரில் மாடி வீட்டில் இருக்கிறோம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கீழ்த்தளத்தில் மாமனாரும் மாமியாரும் இருக்கிறார்கள். இப்போதுள்ள 100 எம்பிபிஎஸ் இணைப்பு இரவு எட்டு மணிக்கு மேல் தவழ்கிறது. மின்சாரம் போனால், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் இணையம் நின்றுவிடுகிறது. வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்று விசாரித்தோம். ஒரு பெரிய நிறுவனம் 300 எம்பிபிஎஸ் தருவதாகவும், ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றும் சொல்கிறது. எங்கள் கேபிள்காரர் பிஎஸ்என்எல் ஃபைபர் போட்டுத் தருகிறேன் என்கிறார். மூன்றாவது ஆள், கம்பியே வேண்டாம், மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்தால் போதும் என்கிறார். மாமனாருடைய பழைய பிஎஸ்என்எல் தொலைபேசி எண்ணையும் விட்டுவிட மனமில்லை. எதை எடுப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேகத்தைப் பற்றியதல்ல. இன்வெர்ட்டர் இருந்தும் மின்தடையில் இணையம் நின்றுவிடுகிறது என்றீர்களே, அதுதான். உங்கள் மோடத்தின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இணையம் போகிறது என்றால், வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் எங்கோ மின்சாரத்தை நம்பி ஒரு பெட்டி இருக்கிறது என்று பொருள்.

இப்போதே எழுந்துபோய், வீட்டுக்குள் வரும் கம்பியின் நுனியைப் பாருங்கள். நூல்போல மெல்லிய கம்பி, பச்சை அல்லது நீல நிறச் சிறு செருகியோடு மோடத்தில் முடிகிறதா? அப்படியானால் ஃபைபர் உங்கள் வீடுவரை வந்திருக்கிறது. தொலைபேசிச் செருகியைவிடச் சற்று அகலமான, கிளிப் வைத்த செருகியோடு தடித்த கம்பி வருகிறதா? அப்படியானால் ஃபைபர் தெருமுனைக் கம்பம்வரைதான். அங்கே ஒரு ஸ்விட்ச் பெட்டியில் அது நின்று, அதற்கப்பால் சாதாரண லேன் கம்பியாக வருகிறது. அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். தெருவில் மின்சாரம் போய், அதிலிருக்கும் பேட்டரியும் கிழடாகியிருந்தால் உங்கள் இன்வெர்ட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தும் நாள் முழுவதும் உங்கள் வேலை கெடும்.

வீடுவரை வரும் ஃபைபர் முறையில் நிலைமை வேறு. ஜிபான் எனப்படும் அந்த ஏற்பாட்டில், நிறுவனத்தின் மையத்திலிருந்து கிளம்பும் ஒரே இழையின் ஒளியை வழியில் ஒரு சிறு பிரிப்பான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிட்டு அனுப்புகிறது. அந்தப் பிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை. மையத்தில் மின்சாரமும் உங்கள் மோடத்துக்கு இன்வெர்ட்டரும் இருந்தால், நடுவில் ஊரே இருண்டாலும் இணையம் ஓடும். ஆகவே மூவரிடமும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணத்தைப் பற்றியதல்ல: “ஃபைபர் என் வீட்டு மோடம்வரை வருமா, கம்பத்தோடு நின்றுவிடுமா? உங்கள் மையக் கருவி எங்கே இருக்கிறது, அதற்கு எத்தனை மணி நேர பேட்டரி?” நேர்மையான லைன்மேன் இதற்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்வார். விளம்பரத் தாளோடு வருபவருக்குத் தெரியாது. லைன்மேனை அழைத்து வரச் சொல்லுங்கள்.

இரவு எட்டு மணி மந்தத்துக்கு வருவோம். மாறுவதற்கு முன் இதைச் சோதித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பழைய நோயைப் புதிய இணைப்புக்கும் கொண்டுபோவீர்கள். மூன்று நாள், இரவு ஒன்பது மணிக்கு, மடிக்கணினியை லேன் கம்பியால் மோடத்தில் நேராகச் செருகி வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். அதே நேரத்தில் உங்கள் அறையில் கைப்பேசியில் வைஃபை வழியாகவும் அளந்துகொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கும் ஒருமுறை. கம்பியில் 90க்கு மேல் வந்து, அறையில் 15 தான் வருகிறது என்றால் குற்றம் நிறுவனத்தின்மேல் இல்லை, வைஃபையில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து மோடங்கள் எல்லாம் அதிலேயே நெரிசலாக நிற்கும். மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் நெரிசல் கூடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டத் திணறும். மாடி வீட்டில் மோடம் கீழே ஷோகேஸுக்குப் பின்னால் இருந்தால் 1000 எம்பிபிஎஸ் வாங்கினாலும் மேலே பயன் இல்லை. மேல்தளத்துக்கு ஒரு லேன் கம்பி இழுத்து இன்னொரு ரூட்டர் வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை தீரும். ஒருமுறைச் செலவுதான்.

கம்பியில் அளந்தாலும் காலையில் 95, இரவில் 12 என்றால் மாறத்தான் வேண்டும். நிறுவனம் மேலிடத்திலிருந்து வாங்கி வைத்திருக்கும் மொத்த இணையக் கொள்ளளவு, அது சேர்த்துக்கொண்ட வீடுகளுக்குப் போதவில்லை. அதை உங்கள் வீட்டில் எந்தக் கருவியை மாற்றியும் சரிசெய்ய முடியாது.

இங்கே ஒரு சிறு சோதனை சொல்கிறேன், பலரும் செய்வதில்லை. நீங்கள் எடுக்க நினைக்கும் அதே நிறுவனத்தின் இணைப்பு உங்கள் தெருவில் யார் வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். இரவு ஒன்பது மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போய், காபி குடித்துக்கொண்டே அளந்து பாருங்கள். கடைசியாகப் பழுதானபோது எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்தார் என்றும் கேளுங்கள். அதே நிறுவனம் தில்லைநகரில் நன்றாக ஓடலாம், உறையூரில் படுத்துவிடலாம். நிறுவனத்தின் பெயர் ஊருக்கெல்லாம் ஒன்று. கம்பியும் அதைப் பார்க்கும் ஆளும் தெருவுக்குத் தெரு வேறு.

வேகம் எவ்வளவு தேவை? உங்கள் வீட்டுக்கு 100 போதும். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. காணொலிக் கூட்டத்துக்கு ஏறக்குறைய 4. மூன்று பேர் ஒரே நேரத்தில் படம் பார்த்து, நீங்கள் கூட்டத்தில் இருந்தாலும் 50ஐத் தாண்டாது. 300க்குப் போவதானால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: சில மோடங்களின் லேன் துளையே 100க்கு மேல் தராது. கேட்காமல் வாங்கினால் 300க்குப் பணம் கட்டி 100ஐப் பயன்படுத்துவீர்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட், ஒரு ஜிபி கோப்பு 80 நொடியில் இறங்கும் என்பதையும் மனதில் வையுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது மேலேற்றும் வேகம். இறக்கும் வேகத்துக்குச் சமமாகத் தருகிறார்களா? வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு அதுதான் உயிர்.

‘அன்லிமிடெட்’ என்று எழுதியிருந்தாலும் மாதத்துக்கு இத்தனை ஜிபி என்ற வரம்பு சிறு எழுத்தில் இருக்கும். பல பிளான்களில் அது 3300 ஜிபி, அதாவது நாளுக்கு 110. குடும்பத்துக்கு அது தாராளம். மலிவுப் பிளான்களில் வரம்பு மிகச் சிறியதாக இருக்கலாம். வரம்பு எவ்வளவு, அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். சொல்லும் விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 600 ரூபாய் என்பது 708 ரூபாய். வாசலில் கேமரா வைத்து வெளியூரிலிருந்து பார்க்கும் எண்ணம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். பல நிறுவனங்கள், இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான பொது ஐபி முகவரி ஒன்றையே பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன, அதில் சில பழைய வகைக் கேமராக்கள் வெளியிலிருந்து திறக்காது.

ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டாதீர்கள். இதை அடித்துச் சொல்கிறேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது நான் அங்கே இருந்தேன். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஓராண்டுப் பணம் கட்டியிருந்தேன். மரங்கள் கம்பங்களின்மேல் விழுந்து எங்கள் தெருவின் கம்பிகள் எல்லாம் அறுந்தன. புயலுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் பக்கத்துத் தெருவுக்கு இன்னொரு நிறுவனம் ஒரே வாரத்தில் கம்பி இழுத்துவிட்டது. நான் மட்டும் கட்டிய பணத்தை விட முடியாமல் ஐந்து வாரம் காத்திருந்தேன். விலகிப் போகும் உரிமையை இரண்டு மாத இலவசத்துக்கு விற்றுவிட்டேன் என்பது அப்போது புரிந்தது. முதலில் ஒரு மாதம் எடுங்கள். நன்றாக ஓடினால் பிறகு மூன்று மாதம், ஆறு மாதம் என்று போகலாம்.

மொட்டை மாடிப் பெட்டி என்பது 5ஜி கோபுரத்திலிருந்து அலையாக வரும் இணைப்பு. ஏர்டெலும் ஜியோவும் 2023இல் இதைக் கொண்டுவந்தன. கம்பி போகாத இடத்துக்கும் வாடகை வீட்டுக்கும் நல்ல வழி. ஆனால் அந்தக் கோபுரத்தைக் கைப்பேசிகளும் பகிர்ந்துகொள்கின்றன, மாலை நேர மந்தம் என்ற உங்கள் குறையே திரும்ப வரலாம். ஃபைபர் கிடைக்கும் தெருவில் அதை முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன்.

மாமனாரின் எண் பற்றி. கைப்பேசி எண்ணை எடுத்துக்கொண்டு நிறுவனம் மாறும் வசதி 2011இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. வீட்டுத் தொலைபேசிக்கு அந்த வசதி இல்லை. எண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் பிஎஸ்என்எல்லிலேயே இருக்க வேண்டும். அதே எண்ணை ஃபைபருக்கு மாற்றித் தரும்படி வாடிக்கையாளர் சேவை மையத்தில் எழுதிக் கொடுங்கள். அது உறுதியாகும்வரை பழைய இணைப்பை ஒப்படைக்காதீர்கள். இதில் பெரியவர்களுக்கு ஒரு முக்கியமான மாற்றம் இருக்கிறது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது, வீடு இருண்டாலும் மணி அடித்தது. ஃபைபரில் தொலைபேசி மோடத்தில் செருகப்படுகிறது. மோடம் அணைந்தால் தொலைபேசியும் ஊமை. கீழ்த்தளத்து மோடத்தை இன்வெர்ட்டர் இணைப்பில் வையுங்கள். முடியாவிட்டால் மோடத்துக்கென்றே விற்கும் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இது. கேபிள்காரர் வீடுவரை ஃபைபர் தருகிறார், தெருவில் ஏற்கெனவே இரண்டு வீடுகள் அவரிடம் நிம்மதியாக இருக்கின்றன என்றால் அவரிடமே 100 எம்பிபிஎஸ் எடுங்கள். மாமனாரின் எண்ணும் தங்கும், பழுதானால் கூப்பிடு தூரத்தில் ஆளும் இருக்கிறார். கட்டணம் மட்டும் அவர் கையில் போகாமல் பிஎஸ்என்எல் கணக்கிலேயே போகட்டும், ரசீது வாங்குங்கள். அவரது இரவு வேகம் தேறவில்லை என்றால் பெரிய நிறுவனம், அதுவும் மாதக் கட்டணத்தில்.

இணைப்பு போட்ட அன்றே லைன்மேனிடம் மோடத்தில் வரும் ஒளி அளவைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்து வையுங்கள். அது டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 15 முதல் 25க்குள் நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால் எங்கோ இழை மடிந்திருக்கிறது அல்லது ஒட்டு சரியில்லை. அன்றே சரிசெய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் இணைப்பு அறுந்து மோடத்தில் சிவப்பு விளக்கு எரியலாம்.

பழைய இணைப்பை ஒரு மாதம் கூடவே ஓடவிடுங்கள். அந்தச் செலவு வீணல்ல. பிறகு எழுத்தில் ரத்து கேட்டு, மோடத்தைத் திருப்பிக் கொடுத்து, அதன் வரிசை எண் போட்ட ரசீது வாங்குங்கள். வைப்புத்தொகையை இழுத்தடித்தால் முதலில் புகார் எண், அடுத்து அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலர். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். தொலைத்தொடர்பு வாடிக்கையாளர்கள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணமும் இல்லை.