சும்மா இருக்கிற நேரம்

வணக்கம் அண்ணா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். ஏஎல் (உயர்தரப் பரீட்சை) முடித்து கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். அம்மாவுக்கு முதுகு வலி கூடியதால் திரும்பி வந்துவிட்டேன். ஆனாலும் அம்மா இன்னும் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறார். நான் வீட்டில் இருந்தபடி குழந்தைகளுக்குக் கம்பளி நூலில் தொப்பியும் காலுறையும் பின்னி முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறேன். ஒரு செட் முடிக்க மூன்று பின்னேரம் போகும். விலை 1,200 ரூபாய். நூலுக்கும் பித்தானுக்கும் 480, பைக்கு 40 போனால் 680 லாபம். பத்துப் பார்சல் அனுப்பினால் இரண்டு திரும்பி வரும், போன் எடுக்கமாட்டார்கள். அப்படி வந்தால் கூரியர் காசு 400 என் தலையில்.

முகநூலில் விளம்பரம் செய்யச் சொல்லிக்கொடுக்கும் ஆன்லைன் வகுப்பு ஒன்றுக்கு 25,000 கேட்கிறார்கள். பெண்கள் குழுவாகப் பிணை நின்று எடுக்கும் குழு லோன் எடுத்துச் சேரலாமா? தராஸ் ஆன்லைன் கடையில் போடலாமா? கனடாவில் ஒரு அக்கா பத்து செட் கேட்கிறார், பேபால் இல்லாமல் எப்படிக் காசு வாங்குவது? முகநூல் பக்கத்தில் ஊர் நுவரெலியா என்றுதான் போட்டிருக்கிறேன். தோட்டத்துப் பெயரைப் போட்டால் வாங்குவார்களோ என்று பயம். சும்மா இருக்கிற நேரத்தில்தானே பின்னுகிறேன், அதனால் நட்டம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் கையில் சல்லி நிற்பதில்லை. ஏன் என்று விளங்கவில்லை.

பெயர் போடவேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

பெயர் போடவில்லை.

முதலில் கனடா அக்கா. பேபாலில் காசு வாங்கும் வசதி நமக்கு வருகிறது, வருகிறது என்று எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதை நம்பித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கவேண்டாம். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குக் காசு அனுப்புகிறவர்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பத்தான் செய்கிறார்கள். அந்த அக்காவுக்கும் அது தெரிந்திருக்கும். பார்சலைத் தபால் கந்தோரில் எடைபார்த்து, போகும் செலவைக் கேட்டுச் சேர்த்துச் சொல்லுங்கள். முழுக்காசும் வந்தபிறகு அனுப்புங்கள். அவ்வளவுதான்.

தராஸ் இப்போது வேண்டாம். அவர்கள் கமிஷன் எடுப்பார்கள், உங்கள் விலையில் அதைத் தாங்க இடம் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தப் பதிலே.

'சும்மா இருக்கிற நேரத்தில்தானே பின்னுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். போன கிழமை ஹட்டனில், கேக் செய்து விற்கும் ஒரு சிநேகிதியும் இதையேதான் சொன்னார். விடிய நாலு மணிக்கு எழுந்து முட்டை அடிக்கிற மனுசி. மா, சீனி, பட்டர், பெட்டி எல்லாம் ரூபாய் சதம் வரை மனப்பாடமாகச் சொன்னார். உங்கள் கூலி எவ்வளவு என்று கேட்டேன். 'வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே சேர்' என்று சிரித்தார். நாலு மணிக்கு எழுந்திருப்பது எந்த ஊரில் சும்மா இருப்பது? அந்த எரிச்சல் ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே கொஞ்சம் காரமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று பின்னேரம் என்கிறீர்கள். ஒரு பின்னேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் என்று குறைத்து வைத்தாலும் ஏழரை மணித்தியாலம். பத்தில் இரண்டு திரும்புகிறது, அதற்கு 800 ரூபாய் போகிறது. விற்ற எட்டின் மேல் அதைப் பங்கு போட்டால் ஒரு செட்டுக்கு 100. அப்படியானால் லாபம் 680 இல்லை, 580. ஏழரையால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 77 ரூபாய். டேட்டா காசு, ராத்திரி எரியும் பல்பு, 'அக்கா வேற கலர் இருக்கா' என்று கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களுக்குப் பதில் எழுதும் நேரம் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது அம்மாவுக்கு வருவோம். நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ஆவதற்கே நாம் தொண்டை வற்றக் கத்த வேண்டியிருந்தது. 2024இல் வந்த 1,350ஐயே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணித்தியாலத்துக்கு வகுத்தால் மணிக்கு 168 சொச்சம். அதற்கு மேல் ஈபிஎஃப் என்ற சேமலாப நிதிக்கு நிர்வாகம் 12 வீதம், ஈடிஎஃப் என்ற நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டவேண்டும். முதுகு வலியோடு மலை ஏறும் அம்மாவின் மணித்தியாலத்தில் பாதிகூட உங்கள் மணித்தியாலத்துக்கு இல்லை. அம்மாவின் சம்பளம் போதும் என்று நான் சொல்லவில்லை. அது போதாது என்று நாடே அறியும். அந்தப் போதாத கூலியிலும் பாதிக்குக் குறைவாக உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்கிறீர்கள். கொடுப்பதாகக்கூட எழுதி வைக்கவில்லை. கையில் சல்லி ஏன் நிற்பதில்லை என்று என்னிடம் கேட்கிறீர்கள்!

எனக்கு இதில் இவ்வளவு சூடு வருவதற்குக் காரணம் என் அத்தை. அவருக்கு எழுத வராது, இலக்கம் மட்டும் வரும். பலசரக்குக் கடையில் சும்மா கொடுத்த கலண்டர் ஒன்று அடுப்படிச் சுவரில் தொங்கும். மலையிலிருந்து வந்து இடுப்புப் படங்கை அவிழ்த்துப் போட்டதும், கையைக்கூடக் கழுவாமல், அன்றைய திகதிக்குக் கீழே மூன்று இலக்கம் எழுதுவார். காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து. கலண்டரின் ஓரமெல்லாம் கொழுந்துக் கறை. கூடைக்கு எவ்வளவு கழித்தார்கள், மழைநாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதற்கும் பக்கத்தில் ஒரு குறி இருக்கும். அந்தக் குறி அவருக்கு மட்டும்தான் விளங்கும்.

ஒரு மாதம் சம்பளத்தில் இரண்டு நாள் அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்கு, விழுந்திருந்தது. அத்தை கலண்டரை ஆணியோடு கழற்றி எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நானும் வால்போல் போனேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் கலண்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'செக்ரோலில் இருப்பதுதான் கணக்கு. இதைக் கொண்டுபோய் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டு' என்றார். (செக்ரோல் என்பது தோட்டத்தின் பேர்ப் பதிவுப் புத்தகம்.) இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சல்லி கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் அதன்பிறகு நிறுவைக்கு அத்தையின் சாக்கு தராசில் ஏறும்போது மட்டும் கிலோவைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பின்னால் நின்ற பெண்கள், 'அவளுக்குச் சொன்னது மாதிரி எங்களுக்கும் சொல்லுங்க' என்று கேட்க ஆரம்பித்தார்கள். நிறுக்கிறவருக்கு அது பெரிய தொல்லையாகப் போய்விட்டது.

நம்முடைய கணக்கு எப்போதும் இன்னொருவர் புத்தகத்தில்தான் இருந்தது, தங்கச்சி. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்த வழிச்செலவே கோஸ்ட் அட்வான்ஸ் என்று கடனாக எழுதப்பட்டது. எழுதியவர், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி. எவ்வளவு எழுதினார் என்று கடன்பட்டவருக்கே சரியாகத் தெரியாது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறவேண்டும் என்றால் துண்டு வேண்டும். இந்தக் கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று தோட்டத்தில் எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. ஆளோடு கடனும் கைமாறும், மாறும்போது வளரும். 1921இல் சட்டம் போட்டுத்தான் இந்தத் துண்டு முறையை நிறுத்தினார்கள். கங்காணிக்குத் தன் கீழ் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் பென்ஸ் காசு என்ற தரகு தனி. இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் படித்துவிட்டு மறந்துவிட்டோம். உங்கள் வீட்டில் தோட்டத்தை நடத்தும் துரையும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. காலையில் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. உங்கள் பேரைப் போடவேண்டியவர் நீங்கள்தான். அங்கேயும் அரைப்பேர்கூட விழவில்லை என்றால் நான் யாரைப் போய்ச் சண்டை பிடிப்பது?

எண்பது பக்கம் சிஆர் கொப்பி ஒன்று வாங்குங்கள். போனில் இருக்கும் ஆப் எல்லாம் பிறகு பார்க்கலாம். பின்னத் தொடங்கும்போது மணியை எழுதுங்கள், எழுந்திருக்கும்போது எழுதுங்கள். இரண்டு கிழமை பொய் இல்லாமல் எழுதினால் போதும், மூன்று பின்னேரம் உண்மையில் எத்தனை மணித்தியாலம் என்று தெரிந்துவிடும். அம்மாவின் கூலியைத்தான் உங்களுக்கும் போடவேண்டும், அதற்கு ஒரு ரூபாய் குறையக்கூடாது. ஏழரை மணித்தியாலத்துக்கு 1,266. நூலும் பையும் 520. திரும்பி வருவதற்கு 100. மொத்தம் 1,886 ஆகிறது. இதில் லாபம் இன்னும் ஒரு சதம்கூட இல்லை, இது வெறும் அடக்கவிலை.

'1,900க்கு யார் வாங்குவார்கள்' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சிலர் வாங்கமாட்டார்கள். வாங்காதவர்களுக்காக நீங்கள் ஏன் ராத்திரி பத்து மணிக்குக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்னவேண்டும்? அந்த விலைக்குப் போகவே போகாது என்றால் பின்னலை மாற்றுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் தொப்பியின் ஓரத்தில் ஒரு பூ வரிசை இருக்கிறது. அழகுதான். ஆனால் நேரத்தைத் தின்பது அந்தப் பூதான் என்று என் வீட்டம்மா பார்த்தவுடனே சொல்லிவிட்டார். பூ இல்லாத தொப்பி ஒரு விலை, பூ வைத்தது ஒரு விலை என்று வையுங்கள். யாருக்குப் பூ வேண்டுமோ அவர் அதற்குச் சல்லி கொடுக்கட்டும். பாதிக் காசை முற்பணமாக வங்கிக்கு வாங்காமல் ஒரு பார்சலும் வெளியே போகக்கூடாது. முற்பணம் கட்டியவர் போன் எடுப்பார்.

வீட்டுச் செலவுக்கும் நூல் காசுக்கும் ஒரே பணப்பை என்றால் அதையும் இன்றைக்கே நிறுத்துங்கள். தம்பி போனுக்கு ரீலோட் போட எடுத்தது, அம்மாவின் மருந்துக்கு எடுத்தது எல்லாம் எடுங்கள். எடுத்தால் கொப்பியில் உங்கள் கூலியிலிருந்து கழித்து எழுதுங்கள். அப்போதுதான் வியாபாரம் வீட்டைத் தாங்குகிறதா, நீங்கள் தாங்குகிறீர்களா என்பது தெரியும்.

குழு லோன் பற்றி நான் நிதானமாக எழுதமுடியாது. கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய கடனை, மாதத்தில் எப்போது வரும் என்று சொல்லமுடியாத வருமானத்தின் மேல் எடுப்பதா? ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்கவேண்டும், அக்கம்பக்கத்துச் சிநேகமெல்லாம் அன்றோடு போச்சு. 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தது இந்தக் கடன்களுக்கு எதிராகத்தான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடன்காரர் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையை 'அம்மா இல்லை' என்று சொல்லவைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேண்டாம்.

அப்புறம் அந்த நுவரெலியா. இதற்காகவும் உங்களைத் திட்டவேண்டும். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அங்கே தேயிலை இன்றைக்கும் தோட்டத்துப் பெயரைச் சுமந்துதான் விலை போகிறது. வெளிநாட்டுக் கடைகளில் தோட்டத்துப் பெயரைப் பெட்டியில் அச்சடித்து அதற்காகவே கூட்டி விற்கிறார்கள். அம்மா எடுத்த கொழுந்துக்கு அந்தப் பெயரால் விலை ஏறுகிறது, மகள் பின்னிய தொப்பிக்கு மட்டும் அது இறக்கிவிடுமா? போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர் பார்சலையும் திருப்பி அனுப்புகிற ஆளாகத்தான் இருப்பார். (கூரியர்காரர் எப்படியும் போன் எடுத்து 'எந்தச் சந்தியில் நிற்கட்டும்' என்றுதான் கேட்பார். லயத்துக்கு வீட்டிலக்கமும் தெருப்பெயரும் இல்லாத கதையைத் தனியாக எழுதுகிறேன், இங்கே தொடங்கினால் முடியாது.)

வியாபாரப் பெயர் பதிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அது பிரதேச செயலகத்தில். கிராம சேவகரிடம் முதலில் பேசுங்கள். வீடு தோட்டத்துடையது என்பதால் இடத்துக்கு என்ன கடிதம் கேட்பார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம். கொப்பியில் மூன்று மாதக் கணக்கு சேர்ந்தபிறகு போனால் போதும்.

கடைசியாக, நீங்கள் முதலில் கேட்ட வகுப்பு. 25,000 ரூபாய் என்பது உங்கள் இப்போதைய கணக்கில் நாற்பதுக்கும் மேற்பட்ட செட். நட்டத்தில் போகும் சாமானை இன்னும் நிறையப் பேருக்கு விற்பது எப்படி என்று படிக்க அவ்வளவு சல்லியா? விலையைச் சரிசெய்துவிட்டு, அதன்பிறகும் ஆசை இருந்தால் எழுதுங்கள், பேசுவோம்.

இன்னொன்று. அந்தத் தொப்பியில் தாடைக்குக் கீழே வைத்திருக்கும் பித்தானை எடுத்துவிட்டு நூல் முடிச்சாக மாற்றுங்கள். கைக்குழந்தை எதையும் இழுத்து வாயில் போடும், கழன்றால் தொண்டையில் சிக்கும். கனடாவுக்கு அனுப்பும் பத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்புடன்