நடிகர் விவேக் இறந்தது கொரோனா ஊசியாலா? இல்லையென்றால் மக்கள் ஏன் இன்னும் நம்ப மறுக்கிறார்கள்?

ஊசியால் இல்லை. தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அவருடைய மரணத்தையும் ஆராய்ந்தது. ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தது தற்செயல் என்று முடிவு சொன்னது. ஆனால் அவர் இறந்தது 2021 ஏப்ரல் 17. முடிவு ஊருக்குத் தெரிந்ததோ அக்டோபரில். நம்பிக்கை கரைந்தது அந்த ஆறு மாதத்தில்தான்.

ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கேமராக்கள் முன்னால் கோவாக்சின் போட்டுக்கொண்டார். எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை மயங்கி விழுந்தார். இதயத்தின் இடப்பக்க முக்கிய ரத்தக்குழாயில் 100% அடைப்பு என்றார்கள் மருத்துவர்கள். அதற்கு மறுநாள் அதிகாலை உயிர் போனது. இத்தனையும் தமிழ்நாடே பார்க்க நடந்தது. பார்த்தவர்கள் பயந்ததில் தப்பே இல்லை. படிக்காதவர்கள்தான் பயந்தார்கள் என்பதும் உண்மையல்ல. மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வெளிவரும் முன்பே, 2021 ஜனவரி 3 அன்று கோவாக்சினுக்கு அனுமதி கொடுத்தார்கள். போட்டுக்கொள்பவரிடம் தனியாக ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். அந்த முதல் வாரங்களில் தயங்கியவர்களில் டாக்டர்களும் நர்சுகளும் இருந்தார்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஆயிரத்தில் 15 பேர் இயல்பாகவே இறக்கும் வயதில் உள்ள 10 லட்சம் பேருக்கு ஊசி போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 15,000 மரணம். நாளைக்கு ஏறக்குறைய 41. ஒரு வாரத்தில் 287. வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றியிருந்தாலும் 'ஊசி போட்ட ஒரே வாரத்தில் செத்தார்' என்று சொல்ல ஏறக்குறைய அத்தனை குடும்பங்கள் இருக்கும். உடம்பு முடியாதவர்கள் அன்று ஊசியைத் தள்ளிப்போடுவதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். ஆகவே, ஊசிக்குப் பிறகு எத்தனை பேர் இறந்தார்கள் என்பது மட்டும் போதாது. வழக்கமாக இறப்பவர்களைவிட அதிகம் பேர் இறந்தார்களா என்று பார்க்க வேண்டும்.

தனி ஒருவர் விஷயத்தில் முடிவெடுக்கும் முறை வேறு. முதலில் நோயின் காரணத்தை உறுதி செய்வார்கள். பிறகு இந்த வகை ஊசியால் இந்த நோய் வர முடியுமா, வருமென்றால் எத்தனை நாளில் வரும், வேறு காரணம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அதன்படி ஊசியோடு தொடர்புடையது, தீர்மானிக்க முடியாதது, தற்செயல், தகவல் போதாமல் வகைப்படுத்த முடியாதது என்று பிரிப்பார்கள். ஊசியோடு தொடர்புடையது என்பதற்குள்ளேயே மருந்தின் தன்மை, தயாரிப்புக் கோளாறு, போட்டவரின் தவறு, ஊசி பயத்தால் வரும் மயக்கம் என்று நான்கு உட்பிரிவுகள். நம் ஊரில் பெரிய இடைஞ்சல் பிரேதப் பரிசோதனை. உடலைக் கூறு போட வேண்டாம் என்று குடும்பம் மறுப்பது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் அது இல்லாவிட்டால் பல மரணங்களுக்குக் கடைசிவரை பதிலே கிடைக்காது. அந்த இடத்தை வாட்ஸ்அப் நிரப்பிவிடும்.

குழு எல்லாவற்றையும் 'தற்செயல்' என்று தள்ளிவிடவும் இல்லை. 2021 மார்ச் 8 அன்று ஊசி போட்டுக்கொண்ட 68 வயது முதியவர் கடும் ஒவ்வாமையால் இறந்தார். அது ஊசியால் நேர்ந்த மரணம் என்று ஜூன் மாதம் ஒப்புக்கொண்டார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று முகாமில் சொல்வது இதற்காகத்தான். கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் தலைகாட்டிவிடும். பெரியவர்களுக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மி.லி. அட்ரினலின் உடனே போட்டால் பெரும்பாலானோரைக் காப்பாற்றிவிடலாம். அந்த நாற்காலிகளை எடுத்துவிட்டு வேகமாகக் கூட்டத்தை அனுப்பும் முகாம், பயத்தைத் தானே வளர்க்கிறது.

வீட்டு வாசலில் எடுபடும் பேச்சும் இப்படித்தான் இருக்க வேண்டும். "ஏம்மா, போட்டா ரெண்டு நாள்ல செத்துருவாங்களாமே?" என்று ஒரு பாட்டி கேட்டால், "அதெல்லாம் வதந்தி பாட்டி" என்பது மிக மோசமான பதில். "கை வலிக்கும், ராத்திரி காய்ச்சல் அடிக்கும், ஒரு பாராசிட்டமால் போடுங்க, ரெண்டு நாள்ல போயிரும். போகலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க" என்று நர்சம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டால், காய்ச்சல் வரும்போது அது அவர் சொன்ன மாதிரியே வந்ததாகிவிடும். இருமலும் வாசனை தெரியாமல் போவதும் ஊசியால் வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் அலை உச்சத்தில், தொற்று ஏற்கெனவே உடம்புக்குள் இருந்தபடியே பலர் ஊசி போட வந்தார்கள். ஊசியின் பாதுகாப்பு உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். இது தெரியாததால் 'ஊசிதான் கொரோனாவைக் கொடுத்தது' என்ற பேச்சு பரவியது.

பயத்தோடு மோதாமல் விலகி நடந்ததற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2021 செப்டம்பர் 12 முதல் தமிழ்நாட்டில் ஞாயிறுதோறும் மெகா முகாம் நடத்தினார்கள். ஊசி போட்டால் கறி சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது என்ற நம்பிக்கையால் ஞாயிற்றுக்கிழமை பலர் வரவில்லை. கறி சாப்பிடத் தடையே கிடையாது. ஆனாலும் அதை விவாதித்துக்கொண்டிருக்காமல் அக்டோபர் 23 முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு.

2024-ல், ரத்தம் உறையும் அரிய பாதிப்பு வரலாம் என்று கோவிஷீல்டு ஊசியை உருவாக்கிய அஸ்ட்ராஜெனெகா நிறுவனம் பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வந்ததும் விவேக் பெயர் மறுபடி அடிபட்டது. அந்தப் பாதிப்பு கோவிஷீல்டு வகைக்கு உரியது. அவர் போட்டது கோவாக்சின். அது நாய்க்கடி ஊசியைப் போல, செயலிழக்கச் செய்த வைரஸால் ஆனது. கோவிஷீல்டு விஷயமும் 2024-ல் கண்டுபிடித்ததல்ல. 2021 மே மாதமே இந்தியக் குழு 26 பேருக்கு அப்படி வந்திருக்கக்கூடும், 10 லட்சம் டோஸுக்கு 0.61 என்று வெளியிட்டிருந்தது. அன்றே அதை எளிய தமிழில் ஒவ்வொரு முகாமிலும் ஒட்டியிருக்க வேண்டும். அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும் பாதிப்பு. 2021-ல் போட்டுக்கொண்டவர்கள் அதற்காக இப்போது, ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை. நெஞ்சு வலித்தால் ஊசியை நினைத்துக்கொண்டு உட்காராமல் உடனே ஈசிஜி எடுங்கள்.